வலி வந்தாத்தான் பல் டாக்டரா? அதுக்குள்ள லேட் ஆகிடும்!

பல்வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பகலெல்லாம் சும்மா முணுமுணுத்துக்கொண்டு இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததும் 'விண் விண்'ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். தலையணையை உயர்த்தி வைப்பது, கிராம்பைக் கடித்துக்கொள்வது, போனை எடுத்து 'பல்வலி உடனே போக என்ன செய்வது' என்று தேடுவது... இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள்.

ஏன் ராத்திரியில்? பல்லின் நடுவே மென்மையான கூழ்ப்பகுதி ஒன்று இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாய்களும் அதற்குள்தான் ஓடுகின்றன. கை வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் அந்த வசதி கிடையாது. சுற்றிலும் கல் மாதிரி சுவர். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்தம் பாயும் அழுத்தம் கொஞ்சம் கூடுவதால் உள்ளே நெருக்கடி அதிகமாகிறது. அதான் அந்த விண் விண்.

ஆனால், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வேறு. இந்த வலி வரும்போது, அந்தப் பல்லில் சொத்தை ஆரம்பித்துப் பல மாதங்கள், சில சமயம் வருஷங்களே ஆகியிருக்கும். 'நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்' என்று நாம் சொல்வோம். பல் நல்லா இருந்திருக்காது. நமக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகம் முழுக்க சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய்நோய் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. அப்படியென்றால் நாம் எங்கே கோட்டை விடுகிறோம்?

எனாமலுக்கு வலிக்கத் தெரியாது

பல்லின் மேலே பளபளவென்று இருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பைவிடக் கெட்டி. ஆனால், அதில் நரம்பு கிடையாது. உயிருள்ள செல்களும் கிடையாது. இதனால் இரண்டு சிக்கல்கள். எனாமல் அரிக்கப்படும்போது உங்களுக்கு வலிக்காது. ஓட்டை விழுந்துவிட்டால், உடைந்த எலும்பு ஒட்டிக்கொள்வதுபோல அது தானாக வளர்ந்து மூடிக்கொள்ளவும் செய்யாது.

சொத்தை எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். முதலில் பல்லில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி வரும். இந்தக் கட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஃபுளோரைடும், சரியான பிரஷ்ஷிங்கும், எச்சிலில் இருக்கும் கால்சியமும் சேர்ந்தால் இதைத் திருப்பிக்கூடக் கொண்டுவர முடியும். டிரில்லிங் வேண்டாம், ஊசி வேண்டாம்.

இதைக் கவனிக்காமல் விட்டால் எனாமலில் சின்ன ஓட்டை விழும். ஒரே சிட்டிங்கில் அடைத்துவிடலாம். இன்னும் விட்டால் சொத்தை அடுத்த அடுக்கான டென்டினுக்குப் போகும். ஐஸ்க்ரீம் சாப்பிட்டால் சுரீர் என்று கூசும். ஸ்வீட் பட்டால் ஒரு மாதிரி இருக்கும். இன்னும் விட்டால் நடுவில் உள்ள கூழ்ப்பகுதி. நம் ராத்திரி வலி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. இங்கே வந்துவிட்டால் சாதாரணமாக அடைத்தால் போதாது. பெரும்பாலும் ரூட் கெனால், அதற்கு மேல் கேப். அதையும் தள்ளிப்போட்டால் பல்லைப் பிடுங்கிவிட்டு பிரிட்ஜ் அல்லது இம்ப்ளான்ட்.

ஒவ்வொரு படியிலும் செலவு முந்தையதைவிடப் பல மடங்கு. போக வேண்டிய தடவைகளும் கூடும். நம் ஊரில் பெரும்பாலான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் சாதாரண பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டிலிருந்து போவது உங்கள் காசு.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை

'நான் ஸ்வீட்டே சாப்பிடுறதில்ல, எனக்கு எப்படி சொத்தை?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், காலையில் ஒரு டீ, ஆபீஸ் போனதும் ஒரு காபி, 11 மணிக்கு பிஸ்கட்டோடு இன்னொரு டீ, சாயங்காலம் ஒன்று என்று அவர்கள் வாய் நாள் முழுக்க பிஸியாகத்தான் இருக்கும்.

பல்லில் படியும் மெல்லிய வழவழப்பான படலத்துக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவையும் சாப்பிட்டு, அமிலத்தை வெளியிடுகின்றன. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை கூடிவிடும். பி.ஹெச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாதுக்கள் கரைய ஆரம்பிக்கும். பிறகு எச்சில் அந்த அமிலத்தைச் சமாளித்து பழைய நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இப்போது கணக்கு புரிகிறதா? ஒரு பெரிய லட்டை ஒரே தடவையில் சாப்பிட்டு முடித்தால் பல்லுக்கு ஒரே ஒரு தாக்குதல். ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸை மூன்று மணி நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேம் விளையாடியபடியே சிப் சிப்பாகக் குடித்தால் மூன்று மணி நேரத் தாக்குதல். எச்சிலுக்கு மூச்சுவிடவே நேரம் கொடுக்கவில்லை நீங்கள்.

இதை உலகம் தெரிந்துகொண்ட கதை கொஞ்சம் கசப்பானது. 1940-களின் பிற்பாதியில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில், விபேஹோம் என்ற மனநல மருத்துவமனையில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அங்கிருந்த, சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு விதவிதமாக இனிப்பு கொடுத்துப் பல் எப்படிக் கெடுகிறது என்று பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குப் பாதிப்பு குறைவு. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபி சாப்பிட்டவர்களுக்கு சொத்தை தாறுமாறாகக் கூடியது. இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காத, செய்யவே கூடாத ஆய்வு அது. அந்த மனிதர்களின் பற்களை விலையாகக் கொடுத்துக் கிடைத்த பாடம் என்பதால், அதை வீணாக்காமல் இருப்பது நல்லது. இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் பசித்தால் சுண்டல், நிலக்கடலை, வெள்ளரிக்காய் மாதிரி ஏதாவது. டீ குடித்தால் ஒரேயடியாகக் குடித்துவிட்டு, தண்ணீரில் வாய் கொப்பளித்துவிடுங்கள்.

ரத்தம் வந்தால் பிரஷ்ஷை மாத்தினா போதுமா?

பிரஷ் பண்ணும்போது ஈறில் ரத்தம் வருகிறது. நாம் என்ன செய்வோம்? 'பிரஷ் ரொம்ப ஹார்டா இருக்கு போல' என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே குறைத்துக்கொள்வோம். செய்யவேண்டியதற்கு நேர் எதிரானது இது. அங்கே அழுக்குப் படலம் இன்னும் சேரும், ஈறு இன்னும் வீங்கும், ரத்தம் இன்னும் வரும்.

ஈறில் ரத்தம் வருவது பெரும்பாலும் ஈறு அழற்சியின் அடையாளம். ஆரம்பத்திலேயே சுத்தம் செய்து, ஒழுங்காக பிரஷ் பண்ணினால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டால் அந்தப் படலம் எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து இறுகி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ காறையாக ஒட்டிக்கொள்ளும். கீழ் முன்பற்களின் பின்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள்; சொரசொரவென்று இருந்தால் அதுதான். காறை படிந்துவிட்டால் எந்தப் பேஸ்ட்டாலும் எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. கிளினிக்கில் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அதையும் விட்டால் அழற்சி ஈறைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்புக்குப் போகும். எலும்பு கரையும், பல் ஆடும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. வயதானால் பல் விழும் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் வயதைவிட இந்த நோய்க்குத்தான் பங்கு அதிகம்.

இன்னொரு விஷயம், சிகரெட் பிடிப்பவர்களுக்கு. நிக்கோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால், ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. 'எனக்கு ரத்தமே வர்றதில்ல' என்று நீங்கள் நிம்மதியாக இருக்க, உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் இருவழிச் சாலை. ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். சுகர் டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் பல்லையும் காட்ட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். 'குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிட்டால் போதும். செக்கப்பும் க்ளீனிங்கும் தாராளமாகச் செய்யலாம். மற்ற சிகிச்சைகளுக்கு நடு மூன்று மாதங்கள் வசதியான காலம்.

செக்கப்பில் என்னதான் நடக்கும்?

போனதும் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் நிறைய பேருக்கு இருக்கிறது. உண்மையில் ஒரு சாதாரண செக்கப் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதலில் உங்கள் உடல்நலம் பற்றிக் கேட்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், மருந்து அலர்ஜி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, எதையும் மறைக்காதீர்கள். பிறகு சின்னக் கண்ணாடியும் கருவியும் வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை, மில்லிமீட்டர் குறித்த மெல்லிய கம்பியால் அளப்பார்கள். 1 முதல் 3 மி.மீ வரை இருந்தால் நல்லது. 4 மி.மீ-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உள்பக்கம், அண்ணம், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தேவைப்பட்டால் எக்ஸ்ரே. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் வரும் சொத்தை கண்ணாடியில் தெரியாது. டாக்டர் கண்ணுக்கும் பல சமயம் தெரியாது. எக்ஸ்ரேயில்தான் சிக்கும். பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு அளவு மிகவும் குறைவு. அதற்காக, போகும்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. 'எதுக்காக எடுக்கிறீங்க டாக்டர்?' என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை... கட்டாயமா?

'ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பாருங்கள்' என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால், அந்த ஆறு மாதம் எல்லோருக்கும் பொருந்தும் மந்திரக் கணக்கு இல்லை.

பிரிட்டனின் 'நைஸ்' என்ற சுகாதார வழிகாட்டி அமைப்பு, பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை, ஒவ்வொருவரின் வாய்நிலையைப் பொறுத்து இடைவெளியை டாக்டரே முடிவு செய்யலாம் என்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் அதிகபட்சம் 12 மாதம். அங்கே நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனவர்களுக்கும், அவரவர் ஆபத்துக்கு ஏற்ற இடைவெளியில் போனவர்களுக்கும் நான்கு ஆண்டுகளில் பல் ஆரோக்கியத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

'அப்போ போகவே வேணாம்னு சொல்றீங்களா?' அங்கேதான் அவசரப்படக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோருமே ஏற்கெனவே தவறாமல் பல் டாக்டரிடம் போய்வருபவர்கள். வலி வந்தால் மட்டும் போகிறவர்களைப் பற்றியது இல்லை அது. அதனால் நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். இதுவரை செக்கப்புக்கே போனதில்லை என்றால் இந்த மாதமே ஒருமுறை போய்விடுங்கள். பார்த்துவிட்டு, 'எனக்கு அடுத்தது எப்போ?' என்று கேளுங்கள். சர்க்கரை நோய், புகைபிடிக்கும் பழக்கம், அடிக்கடி சொத்தை, பல்லில் கிளிப் போட்டிருப்பது, வாய் உலர்ந்துபோகும் பிரச்னை, ஈறு நோய் இவற்றில் ஏதாவது இருந்தால் 3 முதல் 6 மாதம். ஒரு குறையும் இல்லையென்றால் வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்று டாக்டரே சொல்லக்கூடும்.

க்ளீன் பண்ணினா பல் ஆடுமா?

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் சிலவற்றை இங்கேயே முடித்துவிடலாம்.

'க்ளீன் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்.' ஈறு நோயால் எலும்பு கரைந்து, பல் ஏற்கெனவே பிடிமானம் இழந்திருக்கும். நடுவில் சிமென்ட் பூசியதுபோல அடைந்திருந்த காறை அதை ஆடாமல் வைத்திருக்கும். காறையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. பல்லை ஆட்டியது நோய், பழி க்ளீனிங்குக்கு.

'க்ளீன் பண்ணினப்புறம் பல்லுக்கு நடுவுல சந்து விழுந்துடுச்சு, கூசுது.' காறை அடைத்திருந்த இடம் காலியானதால் சந்து தெரிகிறது. மூடியிருந்த வேர்ப்பகுதி வெளியே வந்ததால் கூச்சம். பெரும்பாலும் சில நாள்களில் குறைந்துவிடும். குறையவில்லையென்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

'மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடும்.' பல்லுக்கான நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது.

'கிராம்புத் தைலம் வெச்சா சரியாயிடும்.' கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருள் வலியைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். சொத்தை அப்படியேதான் இருக்கும். தைலத்தை அதிகமாக வைத்தால் ஈறு வெந்துபோகும்.

இன்னொன்று, கொஞ்சம் சீரியஸானது. மெடிக்கல் ஷாப்பில் 'பல்வலிக்கு மாத்திரை குடுங்க' என்று கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது. பல்லுக்குள் சிக்கியிருக்கும் பிரச்னையை மாத்திரையால் மட்டும் தீர்க்க முடியாது. வலி அடங்கியதும் நாம் மறந்துவிடுவோம். தொற்று உள்ளே வேலையைத் தொடரும். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் பழகினால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

வீட்டு வேலை: நாலு நிமிஷம் போதும்

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடம். டாக்டர் செய்வதைவிட உங்கள் பல்லை அதிகம் காப்பாற்றுவது இந்த நாலு நிமிடம்தான்.

காலை பிரஷ்ஷிங்கை யாரும் விடுவதில்லை. ராத்திரிதான் கோட்டை விடுகிறோம். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தைச் சமாளிக்க ஆள் இல்லாத அந்த ஏழெட்டு மணி நேரத்தில் பல்லில் சாப்பாட்டுத் துணுக்கோடு படுப்பது பாக்டீரியாக்களுக்கு விருந்து. ராத்திரி பிரஷ் பண்ணியபிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

சாஃப்ட் பிரஷ் வாங்குங்கள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். பாத்திரம் துலக்குவதுபோல அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழே இறங்கும், பல் தேயும், கூச்சம் வரும். பிரஷ் நார் விரிந்துவிட்டாலோ, மூன்று மாதம் ஆகிவிட்டாலோ மாற்றிவிடுங்கள்.

எத்தனை நன்றாகத் தேய்த்தாலும் இரண்டு பற்களுக்கு நடுவே பிரஷ் போகாது. அதற்கு ஃபிளாஸ் நூல் அல்லது சந்துக்குள் போகும் குட்டி பிரஷ். தினமும் ஒருமுறை. பல் குத்தும் குச்சி, ஊக்கு, ஹேர்பின் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சை ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் மாதிரி புளிப்பானது குடித்தவுடனே பிரஷ் பண்ணாதீர்கள். அப்போது எனாமல் இளகியிருக்கும். அரை மணி நேரம் கழித்துப் பண்ணுங்கள். ரீல்ஸில் வரும் 'எலுமிச்சையில் பேக்கிங் சோடா கலந்து தேய்த்தால் ஒரே நாளில் வெள்ளை' வகையறாவும் இதே கணக்குதான். கரித்தூள், செங்கல் பொடி, உப்பு வைத்துத் தேய்ப்பதும் எனாமலைச் சுரண்டும். வெள்ளையாகத் தெரியும் என்று சுரண்டச் சுரண்ட, உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

பேஸ்ட் அட்டையில் ஒரு வரியைப் படிங்க

விளம்பரத்தில் என்ன சொன்னாலும், பேஸ்ட் வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது ஃபுளோரைடு இருக்கிறதா என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது. 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைத்தான் அது பரிந்துரைக்கிறது. சில மூலிகைப் பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடு இருக்காது. அட்டையைத் திருப்பிப் படித்துவிடுங்கள். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள். ஆனால், நாலு சொம்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். கொஞ்சம் ஃபுளோரைடு பல்லிலேயே தங்கட்டும்.

'ஃபுளோரைடு கெடுதல்னு சொல்றாங்களே?' அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைச் சின்ன வயதிலிருந்தே குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புத் திட்டுகள் வந்தன, எலும்பும் பாதிக்கப்பட்டது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. அங்கே பிரச்னை, வருஷக்கணக்கில் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போனது. பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புகிறோம். அதிக ஃபுளோரைடு உள்ள பகுதியில் வசிப்பவர்கள், குழந்தைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்பதைப் பல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தைகளுக்கு அளவு முக்கியம். மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம்.

விழப்போற பல்தானேன்னு விடாதீங்க

பால்பற்கள் எப்படியும் விழுந்துவிடும் என்று அலட்சியமாக இருப்போம். ஆனால், பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு அவைதான் இடம்பிடித்து வைத்திருக்கின்றன. சொத்தையால் சீக்கிரமே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதுப்பல் கோணலாக முளைக்கும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைப்பதுதான் முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப்போக முக்கியக் காரணம். முதல் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், அதாவது ஒரு வயதையொட்டி முதல் செக்கப்புக்குக் கூட்டிப் போகலாம்.

ஏறத்தாழ ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் இன்னொன்று வராது. அதன் ஆழமான பள்ளங்களில் சீக்கிரம் சொத்தை வரும் என்பதால், பள்ளத்தை மூடும் சீலன்ட் போடச் சொல்வார்கள். வலியே இல்லாத, ரொம்பப் பயனுள்ள வேலை அது.

இரண்டு வாரம் ஆறாத புண்

செக்கப் உயிரையே காப்பாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் இருக்கிறது. குட்கா, ஹான்ஸ், உதட்டுக்குள் அதக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம், சிகரெட், மது எல்லாமே காரணங்கள். 'நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்' என்பவர்களுக்கும் ஒரு தகவல்... உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு பழக்கத்தால் வாயின் உள்தோல் இறுகி, வாய் திறப்பதே குறைந்துகொண்டு வரும். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்க முடியவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கட்டி, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண். இவற்றில் எதுவும் வலிக்க வேண்டும் என்று அவசியமில்லை. வலிக்காத புண்ணைத்தான் இங்கே அதிகம் சந்தேகப்பட வேண்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

எந்த கிளினிக்? எவ்வளவு ஆகும்?

பல் டாக்டர் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். கருவிகளை நீராவி அழுத்தத்தில் சுத்தம் செய்து, உறையில் சீல் வைத்து, உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா? புதுக் கையுறை போடுகிறார்களா? கேட்கத் தயங்காதீர்கள். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளையைத் தாக்கும் பாக்டீரியா தொற்று ஏற்பட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். சிகிச்சைக்குப் பயன்படுத்திய சலைன் வழியாகக் கிருமி பரவியதாகப் பின்னர் ஆய்வாளர்கள் சொன்னார்கள். மிக அரிதான சம்பவம்தான். ஆனால், சுத்தம் பற்றி நீங்கள் கேட்கும் கேள்வி அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பணம் ஒரு தடையென்றால் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுக்குப் போகலாம். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்வார்கள். காத்திருக்கும் நேரம் அதிகம். வேலை பெரும்பாலும் பொறுமையாக, சரியாக நடக்கும். பெரிய சிகிச்சை எதுவாக இருந்தாலும், 'இது செய்யலைன்னா என்ன ஆகும்? வேற வழி இருக்கா?' என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

இதுக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க

தாடைக்குக் கீழே அல்லது கழுத்தில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம். பல்லில் ஆரம்பித்த தொற்று கழுத்துக்குப் பரவி மூச்சுக்குழாயை நெருக்கக்கூடும். ராத்திரியாக இருந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்ஸிக்குப் போங்கள்.

பைக்கிலிருந்து விழுந்தோ, விளையாடும்போதோ நிரந்தரப் பல் முழுசாகப் பெயர்ந்து வந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் அந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தி வைக்கலாம். இல்லையென்றால் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் போனால் அந்தப் பல்லைத் திரும்ப நட்டுவைக்கும் வாய்ப்பு அதிகம். பால்பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்த வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போடும்போது, அம்மா அப்பாவுக்கும் சேர்த்துப் போடுங்கள். 'எனக்கென்னப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு' என்று சொல்வார்கள். ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்களா, முறுக்கை உடைத்து டீயில் நனைத்துச் சாப்பிடுகிறார்களா, ஐஸ் வாட்டர் வேண்டாம் என்கிறார்களா என்று இன்று சாப்பாட்டு நேரத்தில் கவனித்துப் பாருங்கள். வலிக்கிறது என்று அவர்கள் வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும்.